பிரிண்ட் சர்வர் வைஃபையில் சேரவே மாட்டேன் என்கிறது, அவசரம்

ஜெராக்ஸ்கடை: கடையில் பழைய லேசர் பிரிண்டரை ஒரு பிரிண்ட் சர்வர் பெட்டி வழியாகத்தான் எல்லா கம்ப்யூட்டருக்கும் கொடுத்திருக்கிறோம். ரவுட்டர் மாற்றியதிலிருந்து பெட்டி வைஃபையில் சேரவில்லை, பாஸ்வேர்டு சரியாகத்தான் போடுகிறேன். நாளைக்கு ஹால் டிக்கெட் எடுக்கப் பசங்க வருவார்கள், யாராவது சீக்கிரம் சொல்லுங்கள்.

நெட்தம்பி: என்ன மாடல் அண்ணா? ரவுட்டரில் என்ன செக்யூரிட்டி வைத்திருக்கிறீர்கள்?

சேனல்பித்தன்: ரவுட்டரில் வைஃபை சேனலை (அலைவரிசை எண்ணை) பாருங்கள். புது ரவுட்டர் தானாக 12, 13க்குப் போயிருக்கும், பழைய பெட்டிகள் பலவற்றுக்கு 11க்கு மேல் கண்ணே தெரியாது. 6ல் நிறுத்துங்கள்.

மெல்லினம்: அந்தப் பெட்டிக்கு 2.4 மட்டும்தானா, 5 கிகாஹெர்ட்ஸும் உண்டா?

பழையகை: கேட்பதற்கு முன் பெட்டிக்கு அடியில் உள்ள ஸ்டிக்கரையாவது படித்துவிட்டு வரலாமே. இங்கே யாரும் ஜோசியம் பார்ப்பதில்லை.

ஜெராக்ஸ்கடை: ஸ்டிக்கர் அழிந்துபோய்விட்டது சார். லேப்டாப்பில் நேராகக் கேபிள் போட்டுத் திறந்தேன், வைஃபை செக்யூரிட்டி வகையில் டபிள்யூஇபி 64, 128, டபிள்யூபிஏ டிகேஐபி, இவ்வளவுதான் இருக்கிறது. ரவுட்டரில் டபிள்யூபிஏ2/டபிள்யூபிஏ3 என்று இருக்கிறது. 2.4தான். சேனல் 6 வைத்தும் பார்த்தாச்சு.

நெட்தம்பி: அதுதான் விஷயம். ரவுட்டர் ஏஇஎஸ் என்ற புதிய குறியாக்க முறையை மட்டும் கேட்கிறது, பெட்டிக்கு டிகேஐபி என்ற பழைய முறை வரைதான் தெரியும். பாஸ்வேர்டு சரியா தப்பா என்று பார்க்கும் கட்டத்துக்கே போகாது.

குமரிக்காற்று: ரவுட்டரில் டபிள்யூஇபி 128 இருந்தால் வைத்துவிடுங்கள். பாஸ்வேர்டாகப் போடாமல் 26 இலக்க ஹெக்ஸ் கீயை (0-9, A-F மட்டும் வருவது) இரண்டு பக்கமும் அப்படியே அடியுங்கள், சேர்ந்துவிடும்.

பழையகை: தயவுசெய்து வேண்டாம். டபிள்யூஇபியின் ஓட்டை 2001லேயே வெளியே வந்துவிட்டது, இன்றைக்கு ஒரு லேப்டாப் இருந்தால் சில நிமிடத்தில் கீயை எடுத்துவிடலாம்.

குமரிக்காற்று: ஜெராக்ஸ் கடையில் திருட என்ன சார் இருக்கிறது?

பழையகை: அங்கேதான் எல்லாம் இருக்கிறது! ஊர்க்காரர்களின் ஆதார், பான், பத்திர நகல் எல்லாம் அந்த வழியாகத்தான் பிரிண்டருக்குப் போகிறது. 9100 போர்ட்டில் (நெட்வொர்க்கில் பிரிண்டருக்கான வாசல்) போகும் பிரிண்டுக்குத் தனியாக எந்தப் பூட்டும் கிடையாது, வைஃபை பூட்டு ஒன்றுதான் காவல். அதையும் திறந்துவிட்டால் எதிர்க்கடையில் உட்கார்ந்தே வாரிக்கொள்ளலாம்.

சேனல்பித்தன்: அப்போ மேக் ஃபில்டர் போட்டு, நம் கருவிகளின் அடையாள எண்ணை மட்டும் உள்ளே விட்டால்?

பழையகை: மேக் முகவரி காற்றில் திறந்தேதான் போகிறது, யார் வேண்டுமானாலும் அதைப் போட்டுக்கொண்டு உள்ளே வரலாம். எஸ்எஸ்ஐடியை (வைஃபை பெயரை) மறைப்பதும் அப்படித்தான்.

குமரிக்காற்று: அதற்காக நன்றாக ஓடும் பெட்டியைக் குப்பையில் போடச் சொல்கிறீர்களா?

நெட்தம்பி: போட வேண்டாம். அண்ணா, பெட்டியையும் பிரிண்டரையும் ரவுட்டர் பக்கத்தில் நகர்த்தி லேன் கேபிளிலேயே விட்டுவிடுங்கள். கம்ப்யூட்டர்கள் டபிள்யூபிஏ2 வைஃபையில் இருந்தாலும் பிரிண்ட் போகும். ஒன்று மட்டும் பாருங்கள், பழைய ரவுட்டரின் ஐபி (நெட்வொர்க் முகவரி) 192.168.0 வரிசை, புதியது 192.168.1 என்றால் பெட்டியின் ஐபியை முதலில் மாற்ற வேண்டும். அப்புறம் ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் பிரிண்டர் ப்ராப்பர்ட்டீஸில் போர்ட் என்ற இடத்தில் அந்தப் புது ஐபியைக் கொடுங்கள்.

ஜெராக்ஸ்கடை: ஐபிதான் பழையதிலேயே நின்றிருந்தது. மாற்றிக் கேபிள் போட்டேன், ஓடுகிறது. ரொம்ப நன்றி தம்பி, கடையில் ஆள் நிற்கிறார்கள்.