புதுப்பிப்பு: சமையலறைக் குழாயை மாற்றிவிட்டேன்

சொட்டிக்கொண்டே இருந்த குழாய்க்குப் பதிலாகச் சுவரில் பொருத்துவதை வாங்குவதா, பாத்திரம் கழுவும் தொட்டியின் மேல் பொருத்துவதை வாங்குவதா என்று போன வாரம் கேட்டிருந்தேன். "முதலில் துளையை அளந்து பாருங்கள்" என்று ஒருவர் சொன்னதற்கு மனமார்ந்த நன்றி. தொட்டியின் மேல் நிற்கும் குழாய்களுக்குப் பொதுவாக 35 மில்லிமீட்டர் துளை வேண்டும். என் தொட்டியில் துளையே இல்லை. ஆகவே சுவர்க் குழாய்தான்.

பழையதைக் கழற்றியபோது உள்ளிருந்த ரப்பர் வாஷரில் வட்டமாக ஒரு பள்ளம் விழுந்திருந்தது. இறுக்கி இறுக்கி மூடியதன் தழும்பு அது. புதியதில் வாஷருக்குப் பதில் பீங்கான் தகடுகள். கால் சுற்றுத் திருப்பினாலே தண்ணீர் நின்றுவிடுகிறது. உடல் பித்தளை. கையில் எடுத்தாலே கனம் தெரியும், முலாம் பூசிய பிளாஸ்டிக்கை வாங்கிவிடாதீர்கள்.

வளைந்த கழுத்து உயரமாக இருப்பதால் பெரிய பானையும் நேராக அடியில் நிற்கிறது. எனக்கு இதுதான் பெரிய நிம்மதி.

பொருத்தும்போது டெஃப்லான் நாடாவை மரையின் எதிர்த்திசையில் சுற்றிவிட்டேன், முடுக்கியதும் பிரிந்து கசிந்தது. மறுபடி வலஞ்சுழியாகச் சுற்றினேன். அடியில் விரித்த காகிதம் இரண்டு நாளாக ஈரமாகவில்லை.