செவ்வாய்க்குச் செல்லும் ஒளிப்பாய்க் கப்பல்: கணக்குக்குள் நிற்கும் கதை எழுத முடியுமா?

கேள்வி:
சூரிய ஒளியின் அழுத்தத்தால் மட்டுமே நகரும் சரக்குக் கப்பல் ஒன்று, பூமிக்கு அருகிலிருந்து புறப்பட்டுச் செவ்வாய்க் குடியிருப்புக்கு விதைகளையும் மருந்துகளையும் கொண்டுசெல்வதாக ஒரு சிறுகதை எழுதி வருகிறேன். ஒளியை வாங்கும் அதன் பாயின் நீளம் ஒரு கிலோமீட்டர், அகலமும் ஒரு கிலோமீட்டர். பாயும் சரக்கும் சேர்ந்து 15 டன். பயணம் மூன்று வாரங்களில் முடிகிறது. இயற்பியலை மீறாமல் இந்தக் கதை வாசகருக்கு நம்பிக்கை தருமா?

மறுமொழி 1:
மூன்று வாரம் என்பது நடவாது. பூமி இருக்கும் தொலைவில், ஒளியை முழுமையாக எதிரொளிக்கும் பாயின் ஒரு சதுர மீட்டரில் விழும் விசை ஏறத்தாழ 9 மைக்ரோநியூட்டன்தான். உங்கள் பாய் முழுவதற்கும் 9 நியூட்டன். ஒரு கிலோ அரிசிப் பை கையில் தரும் பாரத்தைவிடச் சற்றுக் குறைவு. பாய் சூரியனை நேராகப் பார்த்தாலும், 15 டன் கப்பலின் வேகம் ஒரு நாளில் நொடிக்கு 52 மீட்டர் அளவே மாறும். சூரியனைச் சுற்றும் பாதையைச் செவ்வாய் வரை விரிக்க வேண்டுமானால் பாயை ஏறத்தாழ 35 பாகை சாய்க்க வேண்டும், அப்போது பயனுள்ள விசை இன்னும் குறையும்; செவ்வாயை நெருங்க நெருங்க ஒளியும் பாதிக்குக் கீழே போய்விடும். ஓராண்டுக்கும் மேலான பயணமாக எழுதுங்கள். ஆனால் இது வெறும் கற்பனை அன்று: 2010இல் ஜப்பான் அனுப்பிய இகாரோஸ் விண்கலம், 7.5 மைக்ரோமீட்டர் தடிமனுள்ள பாயை விரித்து, ஒளியின் உந்துதலை விண்வெளியில் மெய்ப்பித்தது.

மறுமொழி 2:
மேலே உள்ள கணக்கு சரி. ஒன்றை மட்டும் சேர்க்க விரும்புகிறேன். ஒளிப்பாய் சூரியனை விட்டு விலகத்தான் முடியும் என்று பலர் எண்ணுகிறார்கள். பாயை எதிர்ப்பக்கம் சாய்த்தால் சுற்றுவேகம் குறைந்து, கப்பல் உள்நோக்கிச் சுருண்டு பூமியை நோக்கி வரும். போகவும் திரும்பவும் ஒரு துளி எரிபொருள் வேண்டாம் என்பதே உங்கள் கதையின் உயிர் என்று கருதுகிறேன். வேகத்தைக் கூட்டினால் அதை இழந்துவிடுவீர்கள். அவசர மருந்தை மட்டும் இக்கப்பலில் ஏற்றாதீர்கள், நோயாளி ஓராண்டு காத்திருக்க மாட்டார்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. மருந்தை ராக்கெட்டுக்கு மாற்றிவிட்டேன். விதைக் கப்பல், குடியேறுவோர் கிளம்புவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னதாகவே பாய் விரிக்கும். அவர்கள் செவ்வாயை எட்டும்போது அது அங்கே சுற்றிக்கொண்டிருக்கும். சரக்கை இறக்கியபின் எடை குறைந்த கப்பல் வந்ததைவிட விரைவாகத் திரும்பும் என்பதால், இரண்டாம் அத்தியாயத்தை அந்தத் திரும்பும் பயணத்திலிருந்து தொடங்குகிறேன்.