அலாரம் ஓயாத வார்டு: தாதியரே, யோசனை சொல்லுங்கள்

அக்காமாரே, தம்பிமாரே, வணக்கம். சிங்கப்பூரில் தீவிர சிகிச்சைப் பிரிவில் தாதியாக இருக்கிறேன். இரவுப் பணி முடிந்து எம்ஆர்டி ரயிலில் ஏறினால், கதவு மூடும் ஒலிக்கே கை தானாக நீள்கிறது, நோயாளியின் மானிட்டர் அலாரத்தை அமர்த்த! சிரிக்கலாம், ஆனால் போன வாரம் உண்மையான அலாரம் ஒன்றை வழக்கமான பொய் என்று எண்ணிச் சற்றுத் தாமதித்துவிட்டேன். நோயாளி நலம். எனக்குத்தான் உறக்கமில்லை.

இதயத் துடிப்பைக் காட்ட நெஞ்சில் ஒட்டும் எலெக்ட்ரோடுகளைத் தினமும் மாற்றுகிறோம், பொய் அலாரம் கொஞ்சம் குறைந்தது. பெரிய தொல்லை, விரலில் மாட்டி ரத்த ஆக்சிஜனை அளக்கும் கருவிதான், விரல் அசைந்தாலே கத்துகிறது. நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாளிக்கு 88 முதல் 92 சதவீதமே இலக்கு; அலாரத்தின் கீழ் எல்லையோ 90இலேயே நிற்கிறது.

உங்கள் பிரிவில் ஆளுக்கேற்ப எல்லையை மாற்றுவது மருத்துவரா, தாதியா? பணிமாற்றத்தின்போதே சரிபார்க்கிறீர்களா? சில நொடி தாமதித்து ஒலிக்கும்படி வைத்துப் பார்த்தவர்கள் உண்டா?