‘டிராப்’ தமிழில் எப்படி இறங்கும்? – ஒரு கலைச்சொல் இழை

காட்சித் தொடர்பியல் ஆசிரியை, கோவை:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு இந்தப் பருவத்தில் ஒரு செய்முறைப் பயிற்சி உண்டு. மின்னணு நடன இசைப் பாட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு, திட்டமிட்டு, அதற்கொரு காணொளியைப் படமாக்கிக் கொண்டுவர வேண்டும். கையேட்டைத் தமிழில் தருவதாக முடிவாகி, மொழிபெயர்ப்பை வெளியே கொடுத்தோம். வந்த வரைவில் இப்படி ஒரு வரி: “துளி வரும்வரை ஆடும் கூட்டத்தைக் காட்டாதீர்கள்.” நான்கு பக்கம் தள்ளி அதே சொல்லுக்கு வேறு அவதாரம்: “இரண்டாவது கைவிடுதலின்போது வண்ணப்பொடியை வீசவும்.” ஹவுஸ் இசை ‘வீட்டு இசை’ ஆகியிருக்கிறது. சிகாகோவில் ‘வேர்ஹவுஸ்’ என்ற ஆட்டக்கூடத்தின் பெயரிலிருந்து வந்தது என்று பொதுவாகச் சொல்வார்கள். அப்படிப் பார்த்தால் கிடங்கிசை. அதை நானே திருத்திக்கொள்கிறேன். எனக்கு வேண்டியது ‘டிராப்’.

இந்த இசையைக் கேளாதவர்களுக்காக: பாட்டு சற்று ஓடியபின் கீழ்ஸ்தாயி ஒலிகள் விலகும். முரசடி நெருங்கிக்கொண்டே வரும். காற்று இரைவது போன்ற ஓர் ஓசை மேலே மேலே ஏறும். ஒரு கணம் எல்லாம் நின்றுவிடும். அடுத்த அடியில் பெருமுரசும் பேஸும் சேர்ந்து வந்து விழும். அந்த இடமே டிராப். காணொளித் திட்டம் முழுவதும் அதைச் சுற்றித்தான் அமைகிறது. அதற்கு முன் ஒரே முகம், நெருக்கக் காட்சிகள், ஒடுங்கிய அறை. அதற்குப் பின் மொட்டைமாடி, கூட்டம், விளக்கு, அகன்ற காட்சி. மாணவர்கள் பெரும்பாலும் முதல் பத்து நொடியிலேயே எல்லாக் கூட்டத்தையும் காட்டித் தீர்த்துவிடுகிறார்கள். பிறகு டிராப் வரும்போது கையில் ஒன்றும் மிச்சமிருப்பதில்லை.

ஒரு நிபந்தனை. இது படித்துவிட்டு மூடி வைக்கிற சொல் அன்று. பாட்டு ஒலிபெருக்கியில் அலறும்போது உதவி இயக்குநர் எட்டு, ஏழு, ஆறு என்று எண்ணி வந்து கத்த வேண்டிய சொல். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போகிறது.

தமிழாசிரியர் (பணி நிறைவு), தஞ்சாவூர்:

அம்மா, இதற்கு வெளியே போக வேண்டியதில்லை. தொல்காப்பியச் செய்யுளியல் உறுப்புகளை அடுக்கும் முதல் நூற்பாவிலேயே பாட்டின் ஓசையை அளந்து நிறுத்தும் ‘தூக்கு’ இருக்கிறது. பதிற்றுப்பத்தில் பாட்டுக்குப் பாட்டு துறை, வண்ணம், தூக்கு, பெயர் என்று அடியில் குறித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். எழுவகைத் தூக்குகளை உரைகாரர் சொல்வர்: செந்தூக்கு, மதலைத்தூக்கு, துணிபுத்தூக்கு, கோயிற்றூக்கு, நிவப்புத்தூக்கு, கழாற்றூக்கு, நெடுந்தூக்கு. இவற்றுள் ‘நிவப்பு’ என்பதை நோக்குக. நிவத்தல் ஓங்கி உயர்தல். மேலே மேலே ஏறும் ஓசை என்று எழுதியிருக்கிறீர்களே, அதுவே நிவப்பு. கழாஅல் என்பதோடு கழலுதலை இயைத்துப் பார்க்கவும் இடமுண்டு. பிடி விட்டுக் கழன்று விழுதல். எனவே ஏறுவது நிவப்பு, விழுவது கழால். இன்னும் விரிக்கலாம், மாலையில் எழுதுகிறேன்.

மென்பொருள் தமிழாக்கர், சென்னை:

> ஏறுவது நிவப்பு, விழுவது கழால்

ஐயா, இரண்டாம் ஆண்டு மாணவனிடம் ‘தூக்கு’ என்றால் அவனுக்கு நினைவு வருவது தண்டனை, இல்லாவிட்டால் தூக்குவாளி. கழால் என்றால் காலணி என்று நினைப்பான். ‘டிராப்’ என்றே போடுங்கள். அவர்கள் ஏற்கெனவே அப்படித்தான் சொல்கிறார்கள். பஸ்ஸைப் பேருந்து என்று எழுத வைத்தோம். பேச்சில் எத்தனை பேர் மாறினார்கள்? பழையன கழிதலும் என்று யாரும் தொடங்க வேண்டாம். அந்த நூற்பா எனக்கும் தெரியும், அதை இரு கட்சியினரும் மேற்கோள் காட்டுவார்கள் என்பதும் தெரியும்.

தமிழாசிரியர், தஞ்சாவூர்:

டகரம் மொழிக்கு முதலில் வராது.

வாசகி, ரொறன்ரோ (ஊர் யாழ்ப்பாணம்):

டகரம் முதலில் வராது என்பதால்தான் நாங்கள் ரிவி, ரிக்கெற் என்று எழுதிப் பழகினோம். ரகரமும் முதலில் வராது என்று பிறகு யாரோ சொன்னார்கள், அதற்குள் பழகிவிட்டது. இந்தச் சொல்லை நான் எழுதினால் ‘ட்றொப்’ என்றுதான் வரும். மெய்யெழுத்தில் தொடங்குவதால் அதற்கும் நன்னூலில் இடமில்லை. ஆகவே கடன் வாங்குவதென்றால் எந்தக் கரையின் எழுத்துக்கூட்டலில் வாங்குவது என்று முதலில் தீர்மானியுங்கள். மற்றபடி எனக்குக் கடன் சொல்லோடு பகையில்லை. 1970களில் எங்களூரில் பொப்பிசை என்று பெயர் வைத்து, பாடி, ஆடி மகிழ்ந்தார்கள். தமிழ் அதனால் ஒன்றும் குறைந்துபோகவில்லை.

மிருதங்கக் கலைஞர், திருச்சி:

நீங்கள் சொல்கிற பாட்டை என் மகனிடம் வாங்கிக் கேட்டேன். முரசடி நெருங்குவதாக ஆசிரியை எழுதியிருக்கிறாரே, அது வெறும் நெருக்கம் அன்று. அடிக்கு ஒன்று, பிறகு இரண்டு, பிறகு நான்கு. முதல் காலம், இரண்டாம் காலம், மூன்றாம் காலம். தனி ஆவர்த்தனத்தில் நாங்கள் கோர்வையை, அதாவது முடிவுச் சொற்கட்டை, மூன்று முறை வைத்து, கடைசித் ‘தோம்’ முடிகிற கையோடு பாட்டின் எடுப்புக்கு, பாட்டு தொடங்குகிற இடத்துக்கு, வந்து சேர்வோம். அந்த இடத்தில்தான் சபையில் தலை ஆடும், கை தட்டும். அது வேறு இசை, இது வேறு இசை. ஆனால் காக்க வைத்துக் கொடுப்பது என்ற வேலை ஒன்றுதான். ஆகவே ‘எடுப்பு’. புதிதாக உருவாக்க வேண்டியதில்லை, மேடையில் புழங்குகிற சொல்.

காட்சித் தொடர்பியல் ஆசிரியை:

அழகாக இருக்கிறது ஐயா. ஆனால் எங்கள் கையேட்டில் ‘எடுப்பு’ என்பது ஏற்கெனவே டேக். முதல் எடுப்பு, இரண்டாம் எடுப்பு என்று பலகையில் எழுதுகிறார்கள். “எடுப்புக்கு இரண்டு எடுப்பு போதும்” என்று நான் எழுதினால் மாணவர்கள் என்னைத் தேடி வருவார்கள். தமிழிசைக்காரர்கள் பல்லவியையும் எடுப்பு என்பார்கள். மூன்று சுமையை ஒரு சொல் தாங்காது.

நாட்டார் வழக்காற்று ஆய்வாளர், மதுரை:

பெரிய இடத்து உவமைகளை எல்லாம் தேடினீர்கள்; திருவிழாவுக்கு ஒருவரும் போகவில்லை. கோயிலில் உருமியும் பறையும் சேர்ந்து சாமியாடிக்கு எதிரே நின்று அடிப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? முதலில் நிதானமாக ஒரு நடை. சாமியாடி கண்ணை மூடி நிற்பார். தோள்பட்டையில் மட்டும் ஒரு துடிப்பு. உருமிக்காரர் வளைந்த குச்சியைத் தோலில் அழுத்தித் தேய்ப்பார், அது உறுமும். பறை சாமியாடியை நெருங்கி நெருங்கி வரும், அடி இரட்டிக்கும். மூத்தவர் ஒருவர் கைகாட்ட, சட்டென்று நிறுத்துவதும் உண்டு. அடுத்த அடி விழுகிறபோது சாமியாடி குதித்துவிடுவார். ஊர் அதை என்ன சொல்கிறது? ‘சாமி இறங்கிவிட்டது’. அதற்கு முன் நடப்பதை ‘உருவேற்றுவது’ என்கிறது.

ஆங்கிலத்தான் விழுவதாகச் சொன்னதை நாம் இறங்குவதாக எப்போதோ சொல்லிவிட்டோம். ஏறுவது உருவேற்றம். இறங்குவது இறங்கடி: இறங்கு + அடி, வினைத்தொகை. இறங்கிய அடி, இறங்குகின்ற அடி, இறங்கும் அடி, மூன்று காலத்துக்கும் பொருந்தும்.

மென்பொருள் தமிழாக்கர்:

உருவேற்றத்துக்கு என் வாக்கு உண்டு. ஆனால் ‘இறங்கடி’ என்று படப்பிடிப்பில் கத்தினால், ஆட்டோவில் உட்கார்ந்திருக்கும் தோழியைத் தோழி கீழே இறங்கச் சொல்வது போலல்லவா இருக்கும்? பையன் கத்தினால் இன்னும் மோசம்; புகார்க் குழுவுக்குப் போகும்.

வாசகி, ரொறன்ரோ:

சிரித்துச் சிரித்துத் தேத்தண்ணீரைக் கொட்டிவிட்டேன்.

சொல்லாய்வாளர், புதுச்சேரி:

இழையின் முதல் மடலிலேயே ஆசிரியை ‘காணொளி’ என்று எழுதியிருக்கிறார். யாரும் கண்டிக்காதது வியப்பு. ஒளியைக் காண்பது இயல்பு; அதைச் சொல்ல ஒரு சொல் எதற்கு? காட்சியும் ஒலியும் சேர்ந்தது என்பதால் ‘காணொலி’ என்பதே...

மட்டுறுத்துநர்:

இல்லை. காணொளி, காணொலி, நிகழ்படம், விழியம் நான்குக்கும் பழைய இழைகள் இருக்கின்றன. அவற்றில் எதுவும் முடியவில்லை. இங்கே திறந்தால் வெள்ளிக்கிழமை போய்விடும். டிராப்போடு நிற்போம்.

படத்தொகுப்பாளர், சென்னை:

இழையைத் தாமதமாகப் பார்த்தேன். சொல்லுக்கு முன் ஒரு கணக்கு. கையேட்டில் சேர்த்தால் நல்லது. இந்த வகைப் பாட்டில் அடிக்கடி வரும் வேகம் நிமிடத்துக்கு 128 அடி. நான்கு அடி கொண்ட ஓர் ஆவர்த்தம் 1.875 நொடி. நொடிக்கு 24 பிரேம் என்று எடுத்தால் அது பிசகில்லாமல் 45 பிரேம். 25 என்று எடுத்தால் 46.875. ஆவர்த்தத்துக்கு 47 என்று எண்ணி வெட்டுகிற மாணவன் எட்டு ஆவர்த்தத்தில் ஒரு பிரேம் தள்ளிப் போவான். டிராப்புக்கு வந்து சேர்வதற்குள், ஏதோ சரியில்லை என்று கண்ணுக்குத் தெரியும். என்னவென்று அவனுக்குத் தெரியாது. 25தான் வேண்டும் என்றால் 125 வேகத்தில் உள்ள பாட்டாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். அடிக்குச் சரியாக 12 பிரேம்.

டிராப்பில் ஆட்டத்தை மெதுவாகக் காட்ட ஆசைப்படுவார்கள். பாடுகிற முகமும் உடன் இருந்தால், பாட்டை இருமடங்கு வேகத்தில் ஓடவிட்டு 48 பிரேமில் எடுக்க வேண்டும். 24இல் ஓட்டும்போது உடல் மிதக்கும், உதடு பாட்டோடு ஒட்டும். முன்கூட்டி ஒத்திகை இல்லாமல் அந்த வேகத்தில் வாயசைக்க முடியாது.

இன்னொன்று, இதைக் கொட்டை எழுத்தில் போடுங்கள்: டிராப்பில் வெட்டி வெட்டி எரிகிற ஸ்ட்ரோப் விளக்கு. நொடிக்கு மூன்று மின்னலுக்கு மேல் திரை முழுக்க அடிக்க வேண்டாம். 1997 டிசம்பரில் ஜப்பானில் ஒரு தொலைக்காட்சிச் சித்திரத் தொடரின் சிவப்பு நீல மின்னல்களைப் பார்த்து நூற்றுக்கணக்கான பிள்ளைகள் மருத்துவமனைக்குப் போனார்கள். தவிர, கைபேசிக் கேமரா படத்தை வரிவரியாகப் பதிவதால் ஸ்ட்ரோப் பாதிப் பிரேமில் மட்டும் விழுந்து பட்டையாகத் தெரியும். சாதாரண விளக்கிலும் மினுக்கல் வரும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ஷட்டரை 1/50 அல்லது 1/100இல் வைத்தால் அடங்கும்.

இனி சொல். ஓர் அடி அரை நொடிக்கும் குறைவு. அதற்குள் கத்தி முடிக்கிற சொல்லாகத் தாருங்கள். மற்றது உங்கள் பாடு.

தமிழாசிரியர், தஞ்சாவூர்:

படத்தொகுப்பாளர் சொன்னதே சரியான அளவுகோல். கண்ணிமைப் பொழுது, கைநொடிப் பொழுது என்று மாத்திரைக்குத் தொல்காப்பியர் தந்ததும் அதுதான். கணக்கிட்டேன். எடுப்பு: ஈற்றுக் குற்றியலுகரத்துக்கு அரை, ஆக 3. டிராப்: மூன்றரை. இறக்கம்: 4. இறங்கடி: நாலரை. கழாஅல் என்று அளபெடுத்தால் நான்கரை. அளபெடையை விட்டுக் ‘கழால்’ என்றால் மூன்றரை. ஆக, கழால் டிராப்புக்குச் சமம் என்பதைக் குழுமத்தின் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

மிருதங்கக் கலைஞர்:

மூன்றில் முடிவது எடுப்பு. நான் சொன்னேன்.

மட்டுறுத்துநர்:

இதுவரை வந்தவற்றில் ‘இறங்கு’ என்ற வேரைப் பலரும் ஏற்கிறீர்கள். ‘இறங்கடி’யின் விளி ஓசைதான் சிக்கல். திருப்பிப் போட்டால் ‘அடியிறக்கம்’. எழுத்தில் அது, கத்தும்போது வெறும் ‘இறக்கம்’. மறுப்பு இருந்தால் நாளை காலைக்குள்.

மென்பொருள் தமிழாக்கர்:

‘பத்தடி இறக்கம்’ என்று கிணறு வெட்டுவது போல ஒலிக்கிறது. ஆனாலும் கழாலுக்கு இது மேல். சரி.

வாசகி, ரொறன்ரோ:

சரி.

படத்தொகுப்பாளர்:

நான் ‘டிராப்’ என்றுதான் சொல்லப்போகிறேன். கையேட்டுக்கு எதுவானாலும் சரி.

காட்சித் தொடர்பியல் ஆசிரியை:

அனைவருக்கும் நன்றி. உருவேற்றம், அடியிறக்கம் இரண்டையும் வைத்து அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன். முதல் இடத்தில் மட்டும் ‘டிராப் எனப்படும் அடியிறக்கம்’ என்று எழுதியிருக்கிறேன். 45 பிரேம் கணக்கும் ஸ்ட்ரோப் எச்சரிக்கையும் தனிக் கட்டத்தில் போயின. நேற்று வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். உருவேற்றம் உடனே ஒட்டிக்கொண்டது. “உருவேற்றத்துக்கு மாடிப்படி, சார்ட்டில் குறித்துக்கொள்” என்று அவர்களுக்குள்ளேயே பேசிக்கொண்டார்கள். அடியிறக்கத்துக்கு ஒரு கணம் யோசித்துவிட்டு, “மேம், டிராப்தானே?” என்றார்கள்.

நாட்டார் வழக்காற்று ஆய்வாளர், மதுரை:

என் மறுப்பைப் பதிந்துகொள்ளவும். ‘இறக்கம்’ என்று பெயராக்கியதும் சொல்லில் இருந்த ஆட்டம் போய்விட்டது. விலை இறக்கம், காய்ச்சல் இறக்கம் என்று வரிசையில் போய் உட்கார்ந்துவிட்டது. ஒரு வகுப்புச் சிரிக்கும் என்பதற்காக இறங்கடியை விட்டீர்கள். சிரித்த சொல்லை யாரும் மறப்பதில்லை. மறுபதிப்பு வரும்போது இந்த இழையைத் திரும்பத் திறப்பேன்.