தோட்டத்து லாண்ட் ரோவர் சீரிஸ் 3 வாங்கியாச்சு: எது ஒரிஜினல், எது ஒட்டு?

தாப்பா 88:

வணக்கம் அண்ணன்மாரே. மலேசியாவுல தாப்பா பக்கத்துல ஒரு செம்பனைத் தோட்டத்துல ஓடின லாண்ட் ரோவர் 88, பெட்ரோல் வண்டி வாங்கியிருக்கேன். கிராண்ட்ல (வண்டிப் பதிவுச் சான்று) 1975னு போட்டிருக்கு. விற்றவர் "எல்லாமே ஒரிஜினல்"னு சொன்னார். எனக்குச் சில சந்தேகம்.

மீட்டர் ரெண்டும் ஸ்டியரிங்குக்கு நேரா இருக்கு. ஆனா முன்கிரில் பிளாஸ்டிக் இல்ல, இரும்பு வலை. உள்ளே இருக்கிற தகட்டுல சாசி (வண்டியோட அடிச்சட்டம்) நம்பர் 903ல ஆரம்பிச்சு C எழுத்துல முடியுது. இஞ்சின் பிளாக்குல 361ல ஆரம்பிக்கிற நம்பர். கிராண்ட்ல இருக்கிற இஞ்சின் நம்பர் வேற. பின்தொட்டியில அலுமினியம் அங்கங்க வெள்ளையா பூத்து உப்பியிருக்கு. நிறுத்தின இடத்துல மூணு நாலு இடத்துல எண்ணெய் சொட்டுது.

பெயர் இன்னும் மாத்தல. முதல்ல தண்ணி பீச்சிக் கழுவி, சாசிக்கு கிரைண்டர் போட்டு, கறுப்பு பெயிண்ட் அடிச்சிடலாம்னு பார்க்கிறேன். அதுக்கு முன்னாடி என்னென்ன சோதிக்கணும்?

பீடோர் பட்டறை:

தம்பி, கிரைண்டரைக் கையில எடுக்காதீங்க. பெயிண்டும் வேண்டாம். இந்த வண்டியைப் பத்தித் தெரிஞ்சுக்க வேண்டியதெல்லாம் இப்போ இருக்கிற அழுக்குக்கும் துருவுக்கும் அடியிலதான் இருக்கு. கறுப்பு அடிச்சிட்டா நல்ல இரும்பும் ஒட்டுத் தகடும் ஒரே மாதிரி தெரியும்.

முதல் வேலை சாசி நம்பர். உள்ளே இருக்கிற தகடு நாலு ஆணியில நிக்கிறது, யாரும் கழற்றி வேற வண்டியில மாட்டலாம். நம்பவேண்டியது சாசியிலேயே குத்தின நம்பரைத்தான். வலதுபக்க முன் ஸ்பிரிங் சாசியோட சேருற கொம்பில இருக்கும். அங்க பழைய பெயிண்ட் அடுக்கடுக்கா ஏறியிருக்கும். பெயிண்ட் ரிமூவர் தடவி, கால் மணி நேரம் விட்டு, பித்தளை பிரஷ்ஷால மெதுவா தேய்ங்க. எழுத்து மங்கலா இருந்தா வெள்ளைச் சுண்ணக்கட்டியைப் படுக்கையா தேய்ச்சு, டார்ச்சைப் பக்கவாட்டுல பிடிச்சுப் படம் எடுங்க, பள்ளம் தெரியும். அங்க கிரைண்டர் ஓடினா நம்பர் போயிடும். அப்புறம் புஸ்பாகோம் வண்டிச் சோதனை நிலையத்துல "நம்பரை அழிச்சிருக்காங்க"ங்கிற சந்தேகம் உங்க தலையிலதான் விழும்.

903ன்னா சீரிஸ் 3, 88 அங்குலம் (முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடை நீளம்), பெட்ரோல், வலதுபக்க ஸ்டியரிங், பாகம் பாகமா பெட்டியில அனுப்பி வெளிநாட்டுல பூட்டின வண்டி. 901 இங்கிலாந்துக்குள்ள விற்றது. 902 முழுசாப் பூட்டி ஏற்றுமதி பண்ணினது. அதனால 903 இருக்கிறது சந்தேகத்துக்குரிய விஷயமே இல்ல. இப்படிப் பூட்டின வண்டியில கண்ணாடி, டயர், பேட்டரி, பெயிண்ட் மாதிரி சாமான் பூட்டின நாட்டோடதா இருக்கலாம். அதை வச்சு "ஒரிஜினல் இல்ல"ன்னு முடிவு கட்டாதீங்க. கடைசி C எழுத்தைக் குறிச்சு வைங்க. தயாரிப்புல மாற்றம் வர வர அந்த எழுத்து மாறும், சாமான் வாங்கும்போது கேட்பாங்க.

361 வேற கதை. அது கிராங்க்கைத் தாங்குற மெயின் பேரிங் அஞ்சு உள்ள 2.25 லிட்டர் இஞ்சின், 1980ல இருந்து வந்தது. 1975 வண்டியில மூணு பேரிங் இஞ்சின்தான் இருந்திருக்கணும். ஆக, இஞ்சின் மாறியிருக்கு. ஆனா மாத்தினவர் கெடுதல் பண்ணல. அதே கம்பெனி இஞ்சின், முந்தினதைவிட கிராங்க் உறுதி. ஜப்பான் டீசலை வெட்டி ஒட்டி இறக்கின வண்டியைவிட இது எவ்வளவோ மேல். இன்னொண்ணு: சீரிஸ் 3ல சாசி நம்பரும் இஞ்சின் நம்பரும் தனித்தனி வரிசை. ரெண்டும் ஒண்ணா இல்லையேன்னு தேடாதீங்க. ரெண்டும் கிராண்டோட ஒத்துப்போகுதாங்கிறதுதான் கேள்வி.

உங்களுக்கு ஒத்துப்போகல. பெயர் மாற்றத்துக்கு பி5 சோதனைக்குப் போனா அங்கேயே நிறுத்திடுவாங்க. இஞ்சின் மாற்றத்தை ஜேபிஜேல (சாலைப் போக்குவரத்து இலாகா) பதியணும், இஞ்சின் எங்க வாங்கினதுங்கிற ரசீது கேட்பாங்க. விற்றவர் இன்னும் கைக்கெட்டுற தூரத்துல இருக்கும்போதே, அவர் பேர்லயே இந்த வேலையை முடிச்சுத்தரச் சொல்லுங்க. மீதிப் பணம் ஏதாவது பாக்கி இருந்தா அதுவரைக்கும் கொடுக்காதீங்க.

மலைப்பாதை 109:

அண்ணன் சொன்னதோட சேர்த்து ஒண்ணு. லாண்ட் ரோவர்ல உடம்பு அலுமினியக் கலவை, எலும்பு இரும்பு. சாசியும் பல்க்ஹெட்டும் (இஞ்சினுக்கும் ஆள் உட்கார்ற இடத்துக்கும் நடுவுல நிக்கிற இரும்புச் சுவர்) நல்லா இருந்தா மத்த எல்லாத்தையும் ஸ்பேனரால சரிபண்ணலாம். இது ரெண்டும் போயிருந்தா உள்ளே எத்தனை புது சாமான் இருந்தும் பிரயோஜனம் இல்ல. அதனால என் கணக்குல "ஒரிஜினல்"ங்கிறது இந்த ரெண்டும்தான்.

ஒரு சின்ன சுத்தியல், ஒரு பழைய ஸ்க்ரூடிரைவர், படுக்க ஒரு சாக்கு. சாசி ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் தகட்டுல செய்த பெட்டி. முன்னால இருந்து பின்னால வரைக்கும் ஒரு சாண் விட்டு ஒரு சாண் தட்டிக்கிட்டே போங்க. நல்ல இரும்பு கணீர்னு சத்தம் குடுக்கும். துரு தின்ன இடம் தொப்புன்னு அமுங்கும், உள்ளே துருச்செதில் சரசரன்னு கொட்டுற சத்தமும் கேட்கும். ரெட்டைத் தகடு ஒட்டின இடத்துலயும் சத்தம் மட்டமா வரும், அங்க ஸ்க்ரூடிரைவரை ஓரத்துல குத்திப் பாருங்க. கம்பெனி வெல்டிங் பெட்டியோட நாலு மூலையிலயும் நீளத்துக்கு ஒரே சீரா ஓடும். அடிப்பக்கத்துல சதுரமா, கட்டி கட்டியா வெல்டிங் தெரிஞ்சா அது ஒட்டு. துருவை வெட்டி எடுக்காம மேலேயே தகடு ஒட்டியிருந்தா ரெண்டுக்கும் நடுவுல ஈரம் தேங்கி இன்னும் வேகமா அரிக்கும்.

முதல்ல அழுகுற இடம் பின் குறுக்குச்சட்டம், குறிப்பா அதோட அடியும் உள்பக்கமும். அடுத்து பல்க்ஹெட்டைத் தாங்குற கைகள், பெட்ரோல் டேங்க் தொங்குற கை, ஸ்பிரிங் மாட்டுற கொம்புகள். தோட்டத்து வண்டின்னா இன்னொரு எதிரி உரம். பொட்டாஷும் அம்மோனியம் சல்பேட்டும் மூட்டை மூட்டையா இந்தத் தொட்டியிலதான் ஏறியிருக்கும். மூட்டை கிழிஞ்சு சிந்தினது, மழைத்தண்ணியில கரைஞ்சு, அலுமினியமும் இரும்பும் சேருற இடத்துல போய் உட்கார்ந்திருக்கும். ரெண்டு உலோகமும் உப்புத்தண்ணியும் சேர்ந்தா அலுமினியம்தான் கரையும். நீங்க சொல்ற வெள்ளைப் பூப்பு அதுதான். பெயிண்டைச் சுரண்டி, அந்த வெள்ளைப் பொடியை நைலான் பிரஷ்ஷால தேய்ச்சு எடுத்து, நிறைய நல்ல தண்ணி விட்டு, முழுசா காயவிடுங்க. தகடு காகிதம் மாதிரி மெலிஞ்சிருந்தா அந்தத் துண்டை மாத்தணும். திரும்பப் பூட்டும்போது இரும்பும் அலுமினியமும் நேரா ஒட்டாம நடுவுல சீலண்டோ ரப்பரோ வைக்க மறக்காதீங்க.

சாசிக்குள்ள செம்மண் அடைஞ்சிருக்கும். அடியில உள்ள வடிகால் ஓட்டையில வளைச்ச கம்பி விட்டுக் கிளறி, சாதாரண ரப்பர் பைப்பை உள்ளே விட்டு, தெளிஞ்ச தண்ணி வர்ற வரைக்கும் ஓடவிடுங்க. இந்தக் கழுவலெல்லாம் தட்டிப் பார்த்த பிறகு. அழுத்தமா பீச்சுற மிஷினை வயர், டைனமோ, வீல் ஹப் பக்கம் கொண்டுபோகாதீங்க.

பல்க்ஹெட்ல ரப்பர் பாயைத் தூக்கி, கால் வைக்கிற குழியைப் பாருங்க. கதவுத்தூணோட அடிப்பாகம், கண்ணாடிக்குக் கீழே காத்து வர்ற மூடிகளோட மூலைகள். கதவுத்தூண் அழுகியிருந்தா கதவைத் திறந்து நுனியைப் பிடிச்சுத் தூக்கினா தூணே சேர்ந்து அசையும்.

கடைசியா சாசி கோணலான்னு அளவெடுங்க. சமதரையில, சக்கரம் நேரா வச்சு, முன் ஹப் நடுவுல இருந்து பின் ஹப் நடுவுக்கு ரெண்டு பக்கமும் டேப் பிடிங்க. 88 அங்குலம்னா 2235 மில்லிமீட்டர். ஒரு பக்கம் விரல்கடை அளவு குறைஞ்சா ஸ்பிரிங் நடு போல்ட் உடைஞ்சு ஆக்ஸில் நகர்ந்திருக்கலாம், இல்ல அடிபட்டு வளைஞ்சிருக்கலாம். அப்புறம் முன் ஸ்பிரிங் போல்ட்ல இருந்து எதிர்ப்பக்க பின் ஸ்பிரிங் போல்ட் வரைக்கும் குறுக்கா ரெண்டு அளவு. ரெண்டும் ஒத்துப்போகணும்.

லூக்காஸ் வயர்:

வயரிங் ஒரு நிமிஷம். டைனமோன்னு மேல சொன்னது பேச்சுவழக்கு, சீரிஸ் 3ல வந்தது ஆல்டர்னேட்டர். நிஜமாவே பழைய டைனமோ மாட்டியிருந்தா அது முந்தின மாடல் சாமான்.

வயர் நிறம் மாறியிருக்கான்னு பாருங்க: பழுப்பு பேட்டரியில இருந்து நேரா வர்றது, வெள்ளை சாவி போட்டா உயிர் வர்றது, பச்சை சாவிக்குப் பிறகு பியூஸ் வழியா, நீலம் பெரிய லைட், சிவப்பு சின்ன லைட், கறுப்பு எர்த். டாஷ்போர்டுக்குப் பின்னால எல்லாமே ஒரே சிவப்பு வயரா இருந்தா யாரோ அவசரத்துக்கு இழுத்தது. பழுப்பு வயருக்கு பியூஸ் கிடையாது, அது சாசியில உரசினா வண்டி எரியும். முதல்ல அதைத் தேடுங்க. லைட் மங்கலா இருந்தா பல்ப் மாத்துறதுக்கு முன்னால இஞ்சின், சாசி, பேட்டரி மூணையும் இணைக்கிற எர்த் பட்டையைக் கழற்றித் தேய்ச்சுப் போடுங்க.

தாப்பா 88:

நன்றி அண்ணே. கொம்புல நம்பர் கிடைச்சிருச்சு, தகட்டோடயும் கிராண்டோடயும் ஒண்ணு. இஞ்சின் விஷயம் விற்றவர்கிட்ட பேசியாச்சு, ஒத்துக்கிட்டார். சாசி பின் குறுக்குச்சட்டத்துல மட்டும் தொப்புன்னு சத்தம், மத்த இடம் கணீர். எண்ணெய் எங்கெங்கன்னா: இடது பின்சக்கரத்துக்கு உள்பக்கம், இஞ்சினும் கியர்பாக்ஸும் சேருற இடத்துக்குக் கீழே, முன்சக்கரம் திரும்புறதுக்கு ஆக்ஸில் நுனியில இருக்கிற உருண்டை ரெண்டுலயும். பிரேக் ஒருபக்கமா இழுக்குது. மூணுல இருந்து ரெண்டுக்குக் குறைக்கும்போது பல் அரைக்குது.

மலைப்பாதை 109:

குறுக்குச்சட்டம் மட்டும்னா நல்ல சேதி. அது தனியா கிடைக்கும், வெட்டி புதுசா வெல்ட் பண்ணலாம். வெல்டிங்குக்கு முன்னால பேட்டரியையும் ஆல்டர்னேட்டர் வயரையும் கழற்றிடுங்க, 88ல பெட்ரோல் டேங்க் சீட்டுக்கு அடியில இருக்கு, அதையும் இறக்கிடுங்க.

பீடோர் பட்டறை:

எண்ணெயை மோந்து பாருங்க. இடது பின்சக்கரத்துல கெட்டியா, மூக்கைப் பிடிக்கிற நாத்தத்தோட இருந்தா அது ஆக்ஸில்ல இருந்து வர்ற இபி90 கியர் ஆயில், ஹப் சீல் போயிருக்கு. தண்ணியா, பெயிண்டை உப்பவைக்கிற மாதிரி இருந்தா பிரேக் ஆயில், வீல் சிலிண்டர் ஒழுகுது. எது நனைச்சிருந்தாலும் அந்த ஷூவைத் துடைச்சுப் போடாதீங்க. லைனிங் ஊறினது ஊறினதுதான். ஒரே ஆக்ஸில்ல ரெண்டு பக்கமும் சேர்த்து மாத்துங்க, இல்லன்னா திரும்ப இழுக்கும். டிரம்மைக் கழற்ற முடியலன்னா அட்ஜஸ்டரைப் பின்னால திருப்பி ஷூவைத் தளர்த்துங்க, சுத்தியலால அடிக்காதீங்க.

இஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவுல சொட்டுறது ஒரு சின்ன வடிகால் ஓட்டை. ஆழமான தண்ணியில இறங்கும்போது மட்டும் அதுக்கு மூடி போடணும், மத்த நேரம் திறந்தே இருக்கணும். சொட்டு வந்தா அங்க சீல் ஒழுகுதுன்னு அர்த்தம். இஞ்சின் ஆயிலா கியர் ஆயிலான்னு மோந்து பார்த்தாலே எந்தப் பக்கத்து சீல்னு தெரியும். அதை மூடி வச்சா எண்ணெய் கிளட்ச்சுக்குப் போகும்.

முன் உருண்டையில குரோம் உரிஞ்சு குழி விழுந்திருக்கான்னு விரல் நகத்தால தடவிப் பாருங்க. நகம் மாட்டினா புது சீல் போட்டாலும் அந்தக் குழி ரெண்டே மாசத்துல சீலை அறுத்துடும். உருண்டையையே மாத்தணும். கிரீஸ் அடிச்சு அடைக்கிற பழக்கம் உண்டு. எண்ணெய் அளவு குறைஞ்சதைக் கண்டுபிடிக்க விடாம அது ஏமாத்தும்.

எல்லா எண்ணெயையும் இறக்கிப் புதுசு ஊத்துங்க. இஞ்சினுக்கு 6 லிட்டர், பில்டருக்குக் கூடுதலா கொஞ்சம். கியர்பாக்ஸ் 1.5, டிரான்ஸ்பர் பாக்ஸ் 2.5, ஒவ்வொரு டிப்ரன்ஷியலுக்கும் 1.75, முன் உருண்டைக்குத் தலா அரை லிட்டர். இஞ்சின் தவிர எல்லாம் இபி90. இறக்கின எண்ணெயில காந்தம் விட்டுப் பாருங்க. மாவு மாதிரி ஒட்டினா தேய்மானம், சில்லு சில்லா வந்தா பல் உடைஞ்சிருக்கு.

ரெண்டாம் கியர்: சீரிஸ் 3 பாக்ஸுல நாலு முன்கியருக்கும் சின்க்ரோ (பல் அரைக்காம கியரைச் சேர்க்கிற அமைப்பு) உண்டு. முந்தின மாடலான சீரிஸ் 2ஏ பாக்ஸுல மூணுக்கும் நாலுக்கும் மட்டும்தான். அதனால ஒண்ணு சின்க்ரோ தேய்ஞ்சிருக்கு, இல்ல பழைய பாக்ஸை மாட்டியிருக்காங்க. நின்ன இடத்துல இருந்து ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு மெதுவா ஏத்திப் பாருங்க. ஒண்ணுல இருந்து ரெண்டுக்கு எப்பவுமே அரைச்சா பழைய பாக்ஸா இருக்க வாய்ப்பு அதிகம். பாக்ஸ் நம்பரைப் பார்த்து உறுதிப்படுத்துங்க.

நாலு சக்கர ஓட்டத்தை தார் ரோட்டுல சோதிக்காதீங்க, செம்மண் பாதையில பாருங்க. மஞ்சள் குமிழை அமுக்கினா ஹை ரேஞ்சுல நாலு சக்கரம். அதை எடுக்க வண்டியை நிறுத்தி, சிவப்புக் கைப்பிடியைப் பின்னால லோவுக்கு இழுத்து, திரும்ப முன்னால தள்ளணும். மஞ்சள் குமிழ் தானா எழும்பலன்னா இணைப்புல துரு.

ஸ்டியரிங் ஆட்டம் இருந்தா பால் ஜாயிண்ட் எல்லாத்தையும் ஒவ்வொண்ணா கையில பிடிச்சுப் பாருங்க. முன் குறுக்குச்சட்டத்துக்குள்ள நிக்கிற ரிலேயை (ஸ்டியரிங் திருப்பத்தைச் சக்கரத்துக்குக் கடத்துற பாகம்) மட்டும் நீங்களா பிரிக்காதீங்க. உள்ளே அழுத்தி வச்ச ஸ்பிரிங் இருக்கு, விட்டா ஆளையே அடிச்சுத் தூக்கும்.

இஞ்சினுக்கு கம்ப்ரஷன் பாருங்க: சூடான இஞ்சின், நாலு பிளக்கும் கழற்றி, ஆக்சிலரேட்டர் முழுசா மிதிச்சு. நாலு சிலிண்டருக்கும் 10 விழுக்காட்டுக்குள்ள வித்தியாசம் இருந்தா போதும். ஒண்ணு குறைஞ்சா அதுல ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டுத் திரும்பப் பாருங்க. ஏறினா ரிங், ஏறலன்னா வால்வு. வால்வு இடைவெளி ரெண்டு பக்கமும் 0.010 அங்குலம். கொஞ்ச நாள் ஓட்டித் திரும்ப அளக்கும்போது எக்ஸாஸ்ட் பக்கம் குறைஞ்சுக்கிட்டே போனா வால்வு சீட் உள்ளே அமுங்குது. தெர்மோஸ்டாட் இருக்கான்னும் திறந்து பாருங்க. நம்ம ஊர்ல சூடு ஏறுதுன்னு அதைக் கழற்றித் தூக்கிப்போடுறது சகஜம், அதனால எண்ணெய் சூடேறாம கசடு கட்டும்.

கிரில்லை விட்டுட்டேன். இரும்பு வலை 2ஏ வண்டியோடது. பிளாஸ்டிக் உடைஞ்சதும் மாத்தியிருப்பாங்க. திருகு போட்டு மாட்டுறதுதான், அதனால எந்த நஷ்டமும் இல்ல. பிளாஸ்டிக் கிரில் கிடைச்சா மாட்டுங்க, வலையைப் பத்திரமா வைங்க, 2ஏ வச்சிருக்கிறவங்க தேடி வந்து வாங்குவாங்க. இப்போதைக்குக் காசு பிரேக் ஷூவுக்கும் ஹப் சீலுக்கும் போகட்டும். பி5 தேதி எடுக்கிறதுக்கு முன்னால அது ரெண்டும் முடிஞ்சிருக்கணும்.