முதல் ஹாலோவீனுக்குக் குழந்தையைக் கூட்டிப் போகிறீர்களா?

பிள்ளைகள் வேஷம் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்கும் அக்டோபர் 31 மாலைதான் ஹாலோவீன். அக்டோபர் பிறந்தாலே, புதிதாக அமெரிக்கா வந்த நம்மவர்கள் முதலில் கேட்பது இதுதான்: "யார் யாரோ கொடுக்கும் மிட்டாயைப் பிள்ளை சாப்பிடலாமா?" சாப்பிடலாம். மிட்டாயில் விஷம் என்று வருஷா வருஷம் வாட்ஸ்அப்பில் ஒன்று சுற்றும். ஜோயல் பெஸ்ட் என்ற சமூகவியலாளர் பல பத்தாண்டுச் செய்திகளைத் தோண்டிப் பார்த்தார். முன்பின் தெரியாதவர் கொடுத்த விஷ மிட்டாயால் ஒரு குழந்தை இறந்ததாக உறுதியான சம்பவம் ஒன்றுகூட அகப்படவில்லை. 1974இல் டெக்சாஸில் சயனைடு கலந்த மிட்டாயால் ஒரு சிறுவன் இறந்தது உண்மை. ஆனால் கொடுத்தது பெற்ற தகப்பன், இன்சூரன்ஸ் பணத்துக்காக. உறை பிரிந்து கிடப்பதை மட்டும் எடுத்துப் போடுங்கள், போதும்.

பயப்பட வேண்டியது காருக்கு. 1975 முதல் 2016 வரையிலான விபத்துப் பதிவுகளை அலசிய ஓர் ஆய்வு, முந்தின வாரத்து, அடுத்த வாரத்து மாலைகளோடு ஒப்பிட்டுப் பார்த்தது. ஹாலோவீன் மாலையில் நடந்து போகிறவர்கள் வண்டி மோதி இறக்கும் ஆபத்து 43 சதவீதம் அதிகம். 4 முதல் 8 வயதுப் பிள்ளைகளுக்கு 10 மடங்கு. காரணம் தெருவில் நின்றாலே தெரியும். இருட்டத் தொடங்கும் நேரம், ஆபீஸ் விட்டு வரும் வண்டிகள், நிறுத்திய கார்களுக்கு நடுவிலிருந்து பேட்மேன் உடையில் ஓடி வரும் வாண்டுகள். கறுப்பு உடை இல்லாத ஹாலோவீன் ஏது!

அதனால் உடையின் முதுகிலும் மிட்டாய்ப் பையிலும் ஒளி பட்டால் மின்னும் டேப்பை ஒட்டிவிடுங்கள். தெருவின் ஒரு பக்கத்து வீடுகளை முடித்துவிட்டு, முனைக்குப் போய்க் கடந்து மறுபக்கம் வாருங்கள். எதிர்வீட்டில் பெரிய சாக்லேட் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் நடுரோட்டில் பாய்வதுதான் வழக்கம், கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். முகமூடி பக்கவாட்டுப் பார்வையை மறைக்கும். முகத்தில் வண்ணம் பூசுவது மேல், இரண்டு நாள் முன்பே முழங்கையில் கொஞ்சம் தடவிப் பாருங்கள். 12 வயதுக்குக் கீழே தனியாக அனுப்ப வேண்டாம்.

இளவரசி வேஷத்துக்குப் பட்டுப்பாவாடை எடுக்கும் வீடுகள் நம்மில் நிறைய. நல்ல யோசனைதான், வளர வளரப் பிரிக்கலாம் என்று வைத்த டக்கை மட்டும் அன்றைக்குப் பிரிக்காதீர்கள். பாவாடை கணுக்காலுக்கு மேல் நிற்கட்டும். அலங்காரத்துக்காகக் குடைந்து வாசற்படியில் வைத்த பூசணிக்குள் நிஜ மெழுகுவர்த்தி எரியும், சரியாகக் குழந்தையின் முழங்கால் உயரத்தில். நெட் துணியும் துப்பட்டாவும் அதில் பட்டால் நொடியில் பிடித்துக்கொள்ளும். உங்கள் வீட்டுப் பூசணிக்கு பேட்டரி விளக்கே போதும். மினசோட்டா, மிச்சிகன் பக்கம் இருப்பவர்கள் உடையை ஒரு சைஸ் பெரிதாக வாங்குங்கள், உள்ளே ஜாக்கெட் போட வேண்டியிருக்கும்.

வாசல் விளக்கு எரிகிற வீட்டுக் கதவை மட்டும் தட்டுங்கள். யார் கூப்பிட்டாலும் வீட்டுக்குள் போகக் கூடாது என்று கிளம்பும் முன்பே சொல்லிவிடுங்கள்.

மிட்டாயில் பார்க்க வேண்டியது வேறு: நிலக்கடலை அலர்ஜி. ரீசஸ் என்ற சாக்லேட்டுக்குள் இருப்பது நிலக்கடலை வெண்ணெய்தான். 4 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குக் கெட்டி மிட்டாய் தொண்டையில் சிக்கும். நீலப்பச்சை வண்ணம் பூசிய பூசணி வாசலில் இருந்தால், அங்கே பொம்மை, ஸ்டிக்கர் மாதிரி தின்பண்டம் அல்லாதவையும் கிடைக்கும். சைவக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: இங்கே விற்கும் ஸ்டார்பர்ஸ்ட் மிட்டாயில் ஜெலட்டின் (விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது) உண்டு, ஸ்கிட்டில்ஸ் மிட்டாயில் இல்லை. கையில் பிடித்திருக்கும் ஒளிரும் குச்சியைப் (க்ளோ ஸ்டிக்) பிள்ளை கடித்து, உள்ளே இருக்கும் திரவம் வாய்க்குள் போய்விட்டால் பெரும்பாலும் எரிச்சலோடு சரி. வாயைக் கழுவிவிட்டு 1-800-222-1222 என்ற விஷ உதவி எண்ணுக்கு அழையுங்கள், இலவசம்.

அன்றைக்கு வேலையிலிருந்து காரில் திரும்புகிறவர்கள் குடியிருப்புத் தெருவில் ஊர்ந்தே வாருங்கள். டிரைவ்வேயில் ரிவர்ஸ் எடுக்கும் முன் இறங்கி ஒருமுறை பின்னால் பாருங்கள். மிட்டாய் கொடுக்க வசதிப்படவில்லையா? வாசல் விளக்கை அணைத்துவிடுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.