31 ஆம் நாள் படத்தை எந்த மையில அடிக்கிறது?

முரசுமோட்டையான்:
போன கிழமை ஒரு அம்மா பிறேமோட ஒரு படத்தைத் தூக்கிக்கொண்டு வந்தா. செத்துப்போன மகன்ர படம், 31ஆம் நாள் கிரியைக்கு வேற ஒரு கடையில அடிச்சது, ரெண்டு மூண்டு மாரிதான் கண்டிருக்கும். முகம் செம்மஞ்சளாப் போச்சு, நீலச் சேட்டு சாம்பலாயிட்டுது. கழட்டிப் பாத்தா பிறேம் விளிம்பு மறைச்ச இடத்தில மட்டும் ஒரு நூல் அகலத்துக்கு அந்த நீலம் அப்பிடியே இருக்கு. பின்பக்கம் வெறும் கடதாசி, அந்த 180 ஜிஎஸ்எம் மினுக்கப் பேப்பர்தான், மை ரீஃபில் டை மை, அதாவது கரைஞ்ச சாய மை. நான் கேக்கிறது இதுதான், கலியாண வீடு சாமத்திய வீட்டுக்கு என்னத்தையும் அடியுங்கோ, செத்தவையின்ர படத்துக்காவது பிக்மென்ட் மை (கரையாத நிறத்தூள் மை), ஆர்சி பேப்பர் (ரெண்டு பக்கமும் பிளாஸ்ரிக் பூச்சுள்ளது) எண்டு வன்னியில ஸ்ரூடியோ வச்சிருக்கிற நாங்கள் எல்லாரும் ஒரு முடிவுக்கு வரக்கூடாதா?

கனகராயன்:
அண்ணை, நீங்கள் சொல்லுறது விளங்குது, ஆனா நடக்காது. பிக்மென்ட் மெசின் வாங்கிறதோட செலவு முடியாது. கிழமைக்கு ரெண்டு மூண்டு பெரிய படம் வாற கடையில அது சும்மா கிடந்து மை வாற ஹெட் அடைக்கும், கிளீனிங் போட்டுப் போட்டே பாதி மை போயிடும். மினுக்கப் பேப்பரில பிக்மென்ட் அடிச்சா பக்கவாட்டில பாக்க பித்தளை மாதிரி ஒரு பளபளப்பு வரும், சனம் அதைப் பிழை எண்டுதான் சொல்லும். எப்சன் எல்805 டை பிறிண்டரில கொம்பனி மையும் ஒழுங்கான ஆர்சி பேப்பரும் போட்டாக் காணும், பேப்பர் பெட்டியிலயே எத்தினை வருசம் நிக்கும் எண்டு போட்டிருக்கு. மங்கினா திருப்பி அடிச்சுக் குடுக்கலாம், ஃபைல் இருக்குத்தானே.

முரசுமோட்டையான்:
பெட்டியில போட்டிருக்கிற வருசத்தை எங்கட வீட்டுக்குக் கணக்கெடுக்காதேங்கோ. படம் எத்தினை வருசம் நிக்கும் எண்டு சோதிக்கிற வில்ஹெல்ம் ஆய்வுகூடம் மாதிரி இடங்களில அந்தக் கணக்கு 450 லக்ஸ் வெளிச்சம் நாளுக்கு 12 மணித்தியாலம், கிட்டத்தட்ட 24 பாகை, ஈரப்பதன் 60 வீதம், அதுவும் கண்ணாடிக்குப் பின்னால எண்டெல்லாம் வச்சுத்தான் வருது. வீட்டுத்திட்ட வீட்டு விறாந்தையில சித்திரை வெய்யிலுக்க 24 பாகை எங்க கிடக்கு? மாரி தொடங்கினா சுவரே வியர்க்குது.

நெடுங்கேணிக்காரன்:
இதுக்கு ஏன் இவ்வளவு கதை, நான் ரெஸ்ட் பண்ணிப் பாத்தனான். ஒரே படத்தை டையிலயும் பிக்மென்டிலயும் அடிச்சு, பாதியை கறுத்த மட்டையால மூடி மேற்கு யன்னல் கண்ணாடியில ஒட்டிவிட்டன். கொஞ்ச நாளில டை படம் திறந்திருந்த பக்கம் வெளிறிப்போச்சு, பிக்மென்டில மட்டையை எடுத்தாலும் கோடு தெரியேல்ல. முரசுமோட்டை அண்ணை சொல்லுறதுதான் சரி.

குமுழமுனை:
நெடுங்கேணி அண்ணை, பாதி மூடினது நல்ல வேலை, ஆனா அதை வச்சு முடிவு சொல்லேலாது. 450 லக்ஸ் 12 மணித்தியாலம் எண்டா வருசத்துக்கு கிட்டத்தட்ட 20 லட்சம் லக்ஸ் மணித்தியாலம். நேர் வெய்யில் ஒரு லட்சம் லக்ஸ், நாளுக்கு ஆறு மணித்தியாலம் பட்டா மூண்டு மூண்டரை நாளில கணக்குப்படி ஒரு வருசம் முடிஞ்சுது. ஆனா மைக்கு அந்தக் கணக்கு விளங்காது. வேகமாக் குடுத்த வெளிச்சமும் மெதுவாக் குடுத்த அதேயளவு வெளிச்சமும் ஒரே அளவு சேதம் செய்யிறேல்ல, அதோட யன்னலில சூடும் சேருது. லென்ஸ் ரெஸ்ட் பண்ணேக்க எப்பிடிச் செய்யிறம்? ஒரு படம் எடுத்துப்போட்டு பேக் போகஸ், அதாவது போகஸ் ஆளுக்குப் பின்னால விழுது எண்டு சொல்லுறமா? ட்ரைபொட்டில வச்சு, லென்ஸை முழுசாத் திறந்து, ஒவ்வொருக்காவும் போகஸைக் கலைச்சுப்போட்டுத் திருப்பித் திருப்பி எடுத்து, லைவ் வியூவில (சென்சரே நேரடியாப் போகஸ் பிடிக்கிற முறை) எடுத்ததோட ஒப்பிட்டுத்தான் கமராவில திருத்தம் போடுறம். சரிச்சு வச்ச அடிமட்டத்தை மட்டும் நம்பினா போகஸ் புள்ளி எந்தக் கோட்டைப் பிடிச்சுது எண்டே தெரியாது. அதே கவனம் பேப்பருக்கும் வேணும்.

நெடுங்கேணிக்காரன்:
வருசக்கணக்கு நான் சொல்லேல்லயே தம்பி. எது முந்தி மங்குது எண்டுதான் சொன்னனான். ரெண்டும் ஒரே யன்னல், ஒரே வெய்யில், அந்த ஒப்பீட்டில என்ன பிழை?

குமுழமுனை:
வெளிச்சத்துக்கு மட்டும் சரி. காத்துக்கு அந்த வரிசை அப்பிடியே நிக்கும் எண்டு இல்லை. 2000ஆம் ஆண்டு எப்சன் 870, 1270 பிறிண்டர் வந்த நேரம், வெளிச்சத்துக்கு வருசக்கணக்கில நிக்கும் எண்ட மினுக்கப் பேப்பர் சில வீடுகளில மளமளவெண்டு செம்மஞ்சளாப் போச்சு. காரணம் காத்தில இருக்கிற ஓசோன் வாயு. உடன காயிற பேப்பர் எல்லாத்திலயும் நுண்துளை இருக்கு, டை மை அதுக்குள்ள காத்துப்படத்தான் கிடக்கு, சியான் எண்ட நீல மை முதல்ல போயிடும். எங்கட கொமினிக்கேசன் கடையளில சாம்பிள் படத்தை எங்க தொங்கவிடுகினம்? போட்டோகொப்பி மெசினுக்கு மேல. பழைய மெசின் ஓசோன் விடும். அங்க மங்கினதைப் பாத்து மை கூடாது எண்டும் சொல்லேலாது. அந்த அம்மா கொண்டுவந்த படம் வேற, கண்ணாடிக்குப் பின்னால இருந்தது, விளிம்பில நீலம் அப்பிடியே நிக்குது எண்டா அது பெரும்பாலும் வெளிச்சம் செய்த வேலை. ஆனபடியா ரெஸ்ட் எண்டா மூண்டு துண்டு வையுங்கோ, ஒண்டு பிறேம் கண்ணாடிக்குள்ள, ஒண்டு திறந்தபடி வெய்யில் படாத சுவரில, ஒண்டு இருட்டில. சாம்பல் கட்டம் ஒண்டும் தோல் நிறம் ஒண்டும் சேத்து அடிச்சு, ஒரே ஸ்கேனரில இடைக்கிடை ஸ்கேன் பண்ணிப் பாருங்கோ.

வற்றாப்பளைப் பிள்ளை:
நான் ஸ்ரூடியோக்காரி இல்லை, படம் வாங்கின ஆள். 2009க்குப் பிறகு அப்பாவின்ர முகம் எண்டு எங்களிட்ட இருந்தது ஒரு பாஸ்போட் சைஸ் படம்தான், அதுவும் தண்ணி பட்டு மூலை கரைஞ்சது. அதைத் திருத்திப் பெரிசாக்கி லாப் பிறிண்ட் (வெளிச்சத்தால பேப்பரில பதிச்சுக் கழுவிறது) எடுத்தம், மை தெறிக்கிற இங்க்ஜெட் இல்லை. நிறம் இண்டைக்கும் நல்லா இருக்கு. ஆனா மாரியில ஈரம் ஏறி படம் கண்ணாடியில ஒட்டிப்பிடிச்சு, துடைக்கக் கழட்டேக்க நெத்தியில ஒரு துண்டு கண்ணாடியோட வந்திட்டுது. பிறேம் போட்டவர் இடையில மட்டை வைக்கேல்ல. திருப்பி அடிக்கப் போனா ஃபைல் இல்லையாம், கொம்பியூட்டர் மாத்தினவையாம். பாஸ்போட் படமும் அங்கயே தவறிப்போச்சு. நீங்கள் மையைப் பற்றி அடிபடுறியள், எங்களுக்கு ஃபைலை ஆர் தாறது?

கனகராயன்:
தங்கச்சி சொல்லுறதைத்தான் நான் முதல்லயே சொல்ல வந்தனான். நூறு வருசம் நிக்கிற ஒரு படத்தை விட, மங்கக்கூடிய படமும் மூண்டு இடத்தில ஃபைலும் மேல். இடம்பெயரேக்க சனம் தொலைச்ச அல்பம் எல்லாம் மங்கியே போச்சு?

முரசுமோட்டையான்:
ஃபைல் குடுக்கத்தான் வேணும், அதில எனக்கு மறுப்பில்லை. ஆனா வாட்சப்பில அனுப்பிப்போட்டுக் குடுத்தாச்சு எண்டு இருக்காதேங்கோ, அது சுருக்கிப்போடும், பெரிசா அடிக்கக் காணாது. பென் டிரைவில முழு அளவா ஏத்திக் குடுங்கோ, ஸ்கேன் பண்ணின மூலப் படத்தை அண்டைக்கே கையில குடுங்கோ. எண்டாலும் தம்பி, அந்த அம்மாவுக்கு ஃபைல் எண்டா என்னெண்டே தெரியாது, அவவுக்குச் சுவரில இருக்கிறதுதான் மகன். அவ காசு தந்தது அதுக்குத்தான்.

கனகராயன்:
அப்ப டை மையிலயே ரெண்டு அடிச்சு ஒண்டைச் சுவருக்கும் ஒண்டை இருட்டில வைக்கவும் குடுப்பம். பிக்மென்ட் ஒரு படத்தின்ர காசுக்கு ரெண்டும் முடியும்.

குமுழமுனை:
இருட்டில வைக்கிறதெண்டா கண்ட பிளாஸ்ரிக் உறையிலயும் போடாதேங்கோ, சிலதில இருந்து வாற ஆவி நுண்துளைப் பேப்பரை மஞ்சளாக்கும். சாதாரண கடதாசி உறையில போட்டு அலுமாரியில வைக்கச் சொல்லுங்கோ, தகரக் கூரைக்குக் கீழ இருக்கிற பெட்டிக்க வேண்டாம். சுவர்ப் படத்துக்கு எந்த மை எண்டாலும் கண்ணாடிக்கும் படத்துக்கும் இடையில மட்டை கட்டாயம்.

முரசுமோட்டையான்:
மட்டையும் உறையும் சரி. ரீஃபில் மையும் 180 பேப்பரும் 31 படத்துக்கு இல்லை எண்டதிலயாவது ஒத்துக்கொள்ளுறியளோ, கனகராயன்?

கனகராயன்:
அதில ஒத்துக்கொள்ளுறன். பிக்மென்டுக்கு மாறமாட்டன்.